வாடகைக்கு விடச் சென்னையில் ஃபிளாட் வாங்கும் முன்: செலவுக் கணக்கை முழுசாகப் போடுவது எப்படி?

மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். 950 சதுர அடி, பத்து வருடப் பழசு, 16 வீடுகள் கொண்ட கட்டடம், லிஃப்ட் உண்டு. விலை 65 லட்சம், வாடகை மாதம் 20,000. வருடத்துக்கு 2,40,000 வருகிறது, 65 லட்சத்துக்கு அது 3.7 சதவீதம். புரோக்கர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுவார். வாங்குபவர்களில் பலரும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதே வீட்டுக்குச் செலவுகளையும் எழுதிப் பார்த்தால், கையில் நிற்பது 2 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. வித்தியாசம் முழுக்க மாதாமாதம் கண்ணில் படாத செலவுகளில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவதும் ஏழு வருடத்துக்கு ஒருமுறை வருவதும் இருபது வருடத்துக்கு ஒருமுறை வருவதும் இதில் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து வருடக் கணக்காக மாற்றுவதைத்தான் கீழே பார்க்கப்போகிறோம். இந்த மடிப்பாக்கம் வீட்டை மாதிரிக் கணக்காகக் கடைசிவரை கூடவே கொண்டுபோவோம். தொகைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் வீட்டுக்கு உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் முதலீடு எவ்வளவு என்று சரியாக எழுதுங்கள்

சதவீதத்தை 65 லட்சத்தின் மேல் போடுவதே முதல் தப்பு. உங்கள் பையிலிருந்து போகும் மொத்தத்தின் மேல்தான் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பு), பத்திரத்தில் எழுதும் விலை, இரண்டில் எது அதிகமோ அதன் மேல் இதைக் கட்ட வேண்டும். கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து வீதம் வேறு: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7, அதையும் தாண்டினால் 9. ஆனால் வேலை முடியாத கட்டடத்தில் வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம் சேரும் (45 லட்சத்துக்குள் அடங்கும் மலிவு விலை வீடு என்றால் 1). பணிநிறைவுச் சான்று வாங்கிய கட்டடத்துக்கு ஜிஎஸ்டி இல்லை.

நம் வீட்டுக்கு:

விலை: 65,00,000
முத்திரைத் தீர்வை, பதிவு: 5,85,000
புரோக்கர் 1 சதவீதம்: 65,000
வக்கீல் கருத்து, பத்திரம் எழுத, வங்கிக் கட்டணம், அடமானப் பதிவு: 60,000
குடிவைக்கும் முன் பெயின்ட், ஃபேன், ஹீட்டர், கொசுவலை, பிளம்பிங்: 1,20,000
சங்கத்தின் பெயர் மாற்றக் கட்டணம், கார்ப்பஸ் ஃபண்ட் (பெரிய வேலைகளுக்காகச் சங்கம் சேர்த்துவைக்கும் பொது நிதி): 25,000
மொத்தம்: 73,55,000

விலையைவிட எட்டரை லட்சம் கூடுதல். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து அவர் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. இது கூடுதல் செலவு இல்லை. ஆனால் பிடிக்க மறந்தால் அந்த 65,000-மும் வட்டியும் உங்கள் தலையில் விழும்.

வாடகை 20,000 என்பதை யார் சொன்னது?

விளம்பரத்தில் இருப்பது கேட்கிற வாடகை. கொடுக்கிற வாடகை தெரிய வேண்டுமானால், அதே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் இரண்டு பேரிடம் கேளுங்கள். வாட்ச்மேனிடமும் கேளுங்கள், எந்த வீடு எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். மெயின்டனன்ஸ் உட்பட 20,000-மா, தனியா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சதுர அடிக்கு 3.50 என்றால் 950 சதுர அடிக்கு மாதம் 3,325. வாடகைக்குள் அது அடக்கம் என்றால் வருடத்துக்கு 39,900 ஓசைப்படாமல் கழிந்துவிடும். நம் கணக்கில் அதைக் குடியிருப்பவர் தனியாகக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர்தானே கட்டுகிறார் என்று மெயின்டனன்ஸை விட்டுவிடவும் முடியாது. வீடு தேடுகிறவர் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார். பக்கத்துக் கட்டடத்தில் மெயின்டனன்ஸ் 2,000, உங்களுடையதில் 3,300 என்றால், அந்த 1,300 உங்கள் வாடகையில்தான் குறையும். மெயின்டனன்ஸ் ஏன் கூடுகிறது என்பதற்குச் சென்னையில் முதல் காரணம் தண்ணீர். மெட்ரோவாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு இல்லாத, போர் வற்றிய கட்டடங்கள் கோடையில் லாரித் தண்ணீரில் ஓடுகின்றன. இரண்டாவது காரணம் பொது மின்சாரம். லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் 2022-லிருந்து தனிக் கட்டண வகை வந்துவிட்டது, வீட்டுக் கட்டணத்தைவிட அது அதிகம். 10 வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சின்னக் கட்டடங்களுக்கு மட்டும் 2023 இறுதியில் குறைத்தார்கள். நம் கட்டடத்தில் 16 வீடு, லிஃப்டும் உண்டு. அதனால் அந்தச் சலுகை கிடைக்காது.

காலி மாதமும் ஆள் மாறும் செலவும்

இதுதான் பெரிய ஓட்டை. அதனால் இதில் நேரம் செலவழியுங்கள்.

குடியிருப்பவர் சராசரியாக இரண்டு வருடம் இருப்பார், ஆள் மாறும்போது ஒன்றரை மாதம் காலியாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மாதம் அதிகம் என்று தோன்றினால் காலண்டரைப் பாருங்கள். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். புரட்டாசியையும் பங்குனியையும் தவிர்க்கிற குடும்பங்களும் உண்டு. ஜூலை முதல் வாரத்தில் காலி செய்தால், பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் ஆடி பிறந்துவிடும். வீட்டைப் பார்க்க வருகிறவரும் ஆவணியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். ஒன்றரை மாதம் அங்கேயே போய்விட்டது. பள்ளி விடுமுறையில் இடம் மாறும் குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களில்தான் தேடுகின்றன. எனவே 11 மாத ஒப்பந்தத்தை ஜூன் 1-ல் தொடங்கினால் அது ஏப்ரல் 30-ல் முடியும். வேறு மாதத்தில் ஆள் வந்தால், முதல் ஒப்பந்தத்தை மட்டும் குறைந்த மாதங்களுக்கு எழுதி ஏப்ரலில் முடிய வைக்கலாம்.

ஒருமுறை ஆள் மாறினால் ஆகும் செலவு:

காலி வாடகை, ஒன்றரை மாதம்: 30,000
அந்தக் காலத்து மெயின்டனன்ஸ், இப்போது நீங்கள் கட்ட வேண்டும்: 5,000
பெயின்ட்: 35,000. அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்குப் பிடிப்பது சென்னை வழக்கம், அதைக் கழித்தால் 15,000
சுத்தம் செய்ய: 5,000
குழாய், சுவிட்ச், தாழ்ப்பாள், சின்ன மரவேலை: 8,000
புரோக்கருக்கு அரை மாத வாடகை: 10,000
மொத்தம்: 73,000, வருடத்துக்கு 36,500

பெயின்ட் 35,000 எப்படி வந்தது? 950 சதுர அடி ஃபிளாட்டில் உள்ளே நடக்கும் இடம் சுமார் 700. சுவரும் கூரையும் சேர்த்தால் அதைப்போல் மூன்றரை மடங்கு, அதாவது 2,450 சதுர அடி. கூலியும் பொருளும் சேர்த்துச் சதுர அடிக்கு 14 என்று வைத்தால் 34,300. எந்த வீட்டுக்கும் இப்படி இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம். பெயின்டுக்குப் பிடித்தம் செய்வதாக இருந்தால் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன் அட்டவணை வெள்ளையடிப்பு, கட்டட அமைப்பு சார்ந்த பழுது, குழாய் மாற்றம், வயரிங் ஆகியவற்றை உரிமையாளர் பக்கம் வைக்கிறது. டேப், வாஷர், சுவிட்ச், ஹீட்டர் பழுது, பூட்டு, ஜன்னல் கண்ணாடி, அடைப்பு நீக்குவது போன்றவை குடியிருப்பவர் பக்கம். எழுத்தில் ஒன்றுமில்லாமல் வாய்ப்பேச்சில் பிடித்தால் சண்டைதான் மிஞ்சும்.

இந்த 73,000 கையில் இருக்கும்போது இன்னொன்றும் தெளிவாகும். ஒழுங்காக வாடகை கொடுத்து வீட்டையும் நன்றாக வைத்திருப்பவரிடம் மாதம் 1,000 கூடுதலாகக் கேட்டு அவர் காலி செய்துவிட்டால், அந்த 1,000 ரூபாய் உயர்வு இழப்பை ஈடுகட்ட ஆறு வருடம் ஆகும்.

அட்வான்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மூன்று மாதமோ பத்து மாதமோ, அது திருப்பித் தர வேண்டிய கடன். வருமானப் பக்கத்தில் எழுதாதீர்கள், வீடு வாங்குவதற்கான முன்பணம் கட்டவும் எடுக்காதீர்கள். அடுத்த ஆள் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் இவருக்குத் திருப்ப முடியும் என்ற நிலையில் ஆடி மாதம் வந்தால் கையைக் கடிக்கும்.

நீண்ட இடைவெளியில் வரும் செலவுகள்

வழிமுறை எளிது. இந்த வீட்டில் தேய்ந்துபோகிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள். மாற்ற ஆகும் செலவை அதன் ஆயுளால் வகுங்கள். வாடகையில் இத்தனை சதவீதம் என்று குத்துமதிப்பாகப் போட்டால் கணக்கு பொய்யாகிவிடும். அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவர்கள், கடன் தவணை நீங்கலாக வாடகையில் பாதி செலவுக்குப் போகும் என்று ஒரு விரைவுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே சொத்து வரியும் காப்பீடும் கனமானவை. இங்கே தேய்மானமும் காலி மாதமும்தான் கனம். அதனால் அந்தச் சூத்திரத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

ஹீட்டர் இரண்டு, 21,000, ஆயுள் 7 வருடம்: 3,000
குளியலறை இரண்டுக்கும் நீர்க்கசிவுத் தடுப்பும் டைல்ஸும், 1,20,000, 15 வருடம்: 8,000
டேப், ஷவர், கம்மோடு, 40,000, 10 வருடம்: 4,000
சமையலறை அலமாரி, கொசுவலை, கதவுகள், 90,000, 15 வருடம்: 6,000
வயரிங், 75,000, 25 வருடம்: 3,000
வெளிப்புறப் பெயின்டில் உங்கள் பங்கு, 30,000, 6 வருடம்: 5,000
லிஃப்ட் மாற்ற உங்கள் பங்கு, 75,000, 20 வருடம்: 3,750
மொட்டைமாடித் தளம், மோட்டார், சம்ப் ஆகியவற்றில் பங்கு, 20,000, 8 வருடம்: 2,500
மொத்தம் வருடத்துக்கு: 35,250

ஆயுள் என்பது இடத்தைப் பொறுத்தது. தண்ணீரில் உப்பு அதிகமுள்ள பகுதியில் ஹீட்டர் 7 வருடம் வராது, 4 என்று வையுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கடற்கரை ஓரம் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் சேர்த்துத் தின்னும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் தரைத்தள வீடு என்றால், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று தெருவில் கேட்டுவிட்டு வாருங்கள். மின்தூக்கி மோட்டாரும் ஜெனரேட்டரும் தரைமட்டத்திலோ அதற்குக் கீழோ இருந்தால் மாடி வீட்டுக்காரரும் அதற்குப் பங்கு கொடுக்க வேண்டிவரும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை

டேப்பின் வாயில் இருக்கும் சின்னச் சல்லடையைத் திருகிக் கழற்றுங்கள். வெள்ளையாகக் கல்போல் உப்பு படிந்திருந்தால், குழாய் சம்பந்தப்பட்ட எல்லாவற்றின் ஆயுளையும் பாதியாக எழுதலாம்.

குளியலறை டைல்ஸை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். டொக்டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்டால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது. ஆனால் உங்கள் குளியலறை ஒழுகுகிறதா என்பதை உங்கள் வீட்டில் நின்று பார்த்து அறிய முடியாது. கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் குளியலறைக் கூரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெயின்ட் உரிந்து, பழுப்பு வளையத்தின் ஓரத்தில் வெள்ளை உப்பு பூத்திருந்தால், 15 வருடத்துக்கு ஒருமுறை என்று எழுதிய 1,20,000-ல் அந்த ஒரு குளியலறைக்கான 60,000 உங்களுக்கு முதல் வருடமே வந்துவிட்டது. அதை விலையில் கழித்துப் பேசுங்கள். மேல்வீட்டால் உங்கள் கூரை ஒழுகுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அதைச் சரிசெய்யும் செலவு மேல்வீட்டுக்காரருடையது. அவர் செய்யாதவரை உங்கள் வீட்டுக்கு ஆள் வராது.

வெளியே வந்து சன்ஷேட்டின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். துருக்கறையோடு நேர்க்கோடாக விரிசல் ஓடினால், கம்பி துருப்பிடித்து உப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கட்டடம் முழுக்கப் பூச்சு உடைத்துச் செய்யும் வேலை அது. பெயின்ட் பங்கு 30,000 என்று எழுதிய இடத்தில் அதுபோல் மூன்று நான்கு மடங்கை எழுதுங்கள்.

சங்கச் செயலாளரிடம் மூன்று வருடக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். கார்ப்பஸ் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை வீடு பாக்கி வைத்திருக்கிறது, விற்பவர் பாக்கி வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். கணக்கே இல்லை என்றால், பெரிய வேலை வரும்போது மொத்தமாக வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். அந்த ஃபண்ட் காலி என்ற எண்ணத்தோடே கணக்கைப் போடுங்கள்.

மீதிச் சில்லறை

சொத்து வரியும் மெட்ரோவாட்டர் வரி, கட்டணமும் சேர்த்து 9,000 என்று வைப்போம். விற்பவரின் கடைசி ரசீதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் 2022-ல் பெரிய உயர்வு வந்தது, 2024-ல் மேலும் 6 சதவீதம் ஏறியது. வருடாவருடம் ஏறும் என்று வைத்துக்கொள்வதே சரி. அரையாண்டு தொடங்கியதும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 வரை தள்ளுபடி கிடைக்கும். காப்பீடு 3,000. குடியிருக்கும்போதே உங்களிடம் வரும் பழுதுகள் 6,000. ஒப்பந்தம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவது, போய்வரும் செலவு 8,000. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்து ஆள் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் இந்த 8,000-க்குப் பதிலாகப் பராமரிப்பவரின் கட்டணத்தைக் கேட்டு எழுத வேண்டும்.

கூட்டிப் பார்ப்போம்

ஆள் மாறும் செலவு, காலி மாதம் உட்பட: 36,500
தேய்மான ஒதுக்கீடு: 35,250
வரி, தண்ணீர்: 9,000
ஒப்பந்தம், போக்குவரத்து: 8,000
சின்னப் பழுது: 6,000
காப்பீடு: 3,000
மொத்தம்: 97,750

2,40,000-ல் 97,750 போனால் 1,42,250. வாடகையில் 41 சதவீதம் செலவாகிவிட்டது. மொத்த முதலீடு 73,55,000-க்கு இது 1.93 சதவீதம்.

வருமான வரி இன்னும் கழியவில்லை. நீங்கள் உண்மையில் செய்த பழுதுச் செலவு, புரோக்கர் கட்டணம், மெயின்டனன்ஸ் எதையும் வரிக் கணக்கில் தனித்தனியாகக் காட்ட முடியாது. பெற்ற வாடகையில் உள்ளாட்சிக்குக் கட்டிய வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தை நிரந்தரக் கழிவாகத் தருகிறார்கள், அவ்வளவுதான். நம் வீட்டுக்குக் காலி மாதம் போக வாடகை 2,25,000, வரி போக 2,16,000, அதில் 30 சதவீதம் போக 1,51,200. கடன் இல்லாமல், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு மேல்வரி சேர்த்துச் சுமார் 47,000 வரி. கையில் 95,000 நிற்கும். முதலீட்டுக்கு 1.3 சதவீதம்.

கடன் வாங்கியவருக்கு வட்டி கழியும். ஆனால் புதிய வரி முறையில் வாடகையைத் தாண்டிய வட்டியைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையில் வருடம் 2 லட்சம் வரை முடியும். உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் குடியிருப்பவர் வாடகையிலிருந்து 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

கடன் தவணையைக் கடைசியில் தனியாகப் பாருங்கள், செலவோடு கலக்க வேண்டாம். 45 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதம் சுமார் 39,050. வீடு தருவது வரிக்கு முன் மாதம் 11,850. மீதி 27,200-ஐ ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து போட வேண்டும். வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் அவர்முன் வையுங்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதும் வந்துவிடும். வரிக்கு முன் 3 சதவீதமாவது வேண்டும் என்றால் 1,42,250-ஐ 0.03-ஆல் வகுங்கள்: 47.4 லட்சம். இது எல்லாம் சேர்ந்த முதலீடு. பதிவு, புரோக்கர், முதல் பழுது போக வீட்டுக்குக் கொடுக்கக்கூடிய விலை சுமார் 41 லட்சம். விற்பவர் கேட்பது 65. இடையில் இருக்கும் 24 லட்சத்தை நிலத்தின் பிரிக்கப்படாத பாகம் (கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பங்கு) வருங்காலத்தில் விலை ஏறும் என்ற நம்பிக்கைக்காகக் கொடுக்கிறீர்கள். அதைக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்கப் பத்திரத்தில் அந்தப் பாகம் எத்தனை சதுர அடி என்று பாருங்கள், அந்தத் தெருவில் மனை என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள், இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்.